கடல் தண்ணீரில் இறங்கும் ஜீப்: ஷாஃப்டுக்கும் கிராஸுக்கும் எப்போது, எப்படி கிரீஸ் அடிப்பது?

ஐஸ்பெட்டி_ஏர்வாடி (செவ்வாய், இரவு 9.40)

எல்லோருக்கும் வணக்கம். எட்டு மாதத்துக்கு முன் தேனிப் பக்கம் ஒரு தோட்டக்காரரிடம் பழைய எம்.எம்.540 ஃபோர் வீல் ஜீப் வாங்கினேன். விடியற்காலையில் நாட்டுப்படகுகள் கரைக்கு வந்ததும் மணலில் இறங்கி, மீன் பெட்டியையும் ஐஸ் பெட்டியையும் ஏற்றி, தார் ரோட்டில் நிற்கும் வேனுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அதற்கு வேலை. ஒரு நாளைக்கு மொத்தமே ஆறேழு கிலோமீட்டர்தான். ஆனால் அலை ஏறியிருக்கும் நேரத்தில் பின் சக்கரம் அச்சு மட்டத்துக்குத் தண்ணீரில் நிற்கும்.

விற்றவர், "5,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை கிரீஸ் அடி, போதும்" என்று சொல்லித்தான் கொடுத்தார். என் கையில் இதுவரை 1,600 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. அதனால் இன்னும் நாள் இருக்கிறது என்று நினைத்து ஒருமுறைகூட அடிக்கவில்லை.

போன வாரம் ரிவர்ஸ் போட்டு எடுத்தபோது அடியில் 'டொக்' என்று ஒரு அடி. மெதுவாகப் போனால் கீச் கீச் என்று சத்தம். நியூட்ரலில் உருட்டினாலும் அந்தச் சத்தம் வருகிறது, அதனால் எஞ்சின் இல்லை என்று புரிந்தது. பின் சக்கரத்துக்குச் சுற்றைக் கொண்டுபோகும் ஷாஃப்டை இறக்கி, ஹவுசிங் (பின் அச்சின் நடுவில் இருக்கும் பல்சக்கரப் பெட்டி) பக்கத்து கிராஸை, அதாவது ஷாஃப்ட் கோணத்தில் சுற்ற உதவும் நான்கு கை உள்ள சிலுவை மூட்டைப் பிரித்துப் பார்த்தேன். நான்கு கையில் மூன்று பளபளவென்று இருக்கின்றன. நான்காவது கையை மூடியிருக்கும் கப்பைத் திறந்தால் உள்ளே செங்கல் தூள் மாதிரி கொட்டுகிறது. ஊசி பேரிங்கின் ஊசிகள் பாதி தேய்ந்து, கையில் வரிவரியாகக் குழி விழுந்திருக்கிறது.

இதில் எனக்குப் புரியாதது, ஒரே நிப்பிளிலிருந்து (கிரீஸ் கன்னை வைக்கும் சின்ன முனை) கிரீஸ் போகும் கிராஸில் ஒரு கை மட்டும் எப்படிச் செத்தது என்பது. அப்புறம், புது கிராஸ் போட்டபின் எந்த கிரீஸ் அடிப்பது, எத்தனை நாளுக்கு ஒருமுறை? நிப்பிளே இல்லாத சீல் போட்ட கிராஸ் கிடைக்கிறது, அதை வாங்கினால் இந்தத் தொல்லை இருக்காது என்று கடையில் சொல்கிறார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மண்டபம்_பட்டறை (செவ்வாய், இரவு 10.25)

தம்பி, முதல் கேள்விக்கான பதில் உங்கள் கையில் இருக்கும் அந்த கிராஸிலேயே இருக்கிறது. அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நிப்பிள் துளையில் மண்ணெண்ணெய் ஊற்றி, நான்கு கையின் நுனியிலும் வருகிறதா என்று பாருங்கள். செத்த கையில் வராது, அல்லது சொட்டுச் சொட்டாக வரும் என்பது என் ஊகம்.

நிப்பிளிலிருந்து நான்கு கைக்கும் உள்ளே துளை போகிறது. கிரீஸ் கன்னை அழுத்தினால் கிரீஸ் நான்கு பக்கமும் சமமாகப் பிரிந்து போகாது. எந்தப் பக்கம் இளகலாக இருக்கிறதோ அந்தப் பக்கமே ஓடும். ஒரு சீல் கொஞ்சம் தளர்ந்திருந்தால் நாம் அடிப்பதெல்லாம் அந்த வாய் வழியே வெளியே வந்துவிடும். அடியில் படுத்திருப்பவர் 'கிரீஸ் வந்துவிட்டது' என்று துடைத்துவிட்டு எழுந்துவிடுவார். அடைபட்ட கைக்கு அன்றைக்கும் போகாது, அடுத்த தடவையும் போகாது. முன்னால் வைத்திருந்தவர் ஒழுங்காக அடித்த கிரீஸும் மூன்று கைக்குத்தான் போயிருக்கிறது. மலையில் அதை வைத்து ஓட்டிவிட்டார். கடல் தண்ணீர் பட்டதும் நான்காவது கை எட்டு மாதத்தில் முடிந்துவிட்டது.

அதனால் என் பட்டறையில் பையன்களுக்கு நான் சொல்லிக்கொடுத்திருப்பது இதுதான்: எத்தனை அடி அடித்தாய் என்று எண்ணாதே, நான்கு சீலிலும் புது கிரீஸ் எட்டிப் பார்த்ததா என்று பார். நான்கில் மூன்று என்றால் வேலை முடியவில்லை.

ஒரு கையில் மட்டும் வரவில்லையென்றால் செய்யவேண்டியதைச் சொல்கிறேன். முதலில் கியரை நியூட்ரலில் விட்டு, வண்டியைக் கையால் கொஞ்சம் உருட்டி, ஷாஃப்ட் அரைச் சுற்று வரும்படி நிறுத்துங்கள். கீழே அழுந்தியிருந்த கப் மேலே வந்துவிடும், பாதி நேரம் அதிலேயே வழி திறக்கும். அப்படியும் வரவில்லையா? வராத கப்பில் கிராஸின் கை போய் முட்டிக்கொண்டிருக்கும். டயர் லிவரை நடுவில் கொடுத்து, கிராஸை எதிர்ப்பக்கம் லேசாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டு இன்னொருவரை அடிக்கச் சொல்லுங்கள். மயிரிழை இடம் கிடைத்தாலே கிரீஸ் போய்விடும். யு போல்ட் போட்டுக் கட்டிய கப்பாக இருந்தால் அந்த நட்டை ஒரு சுற்று தளர்த்தி அடித்துவிட்டு மறுபடி முறுக்கலாம். இவ்வளவுக்கும் அசையாத கையைப் பிரித்துப் பார்ப்பதுதான் நியாயம். கன்னை முரட்டுத்தனமாக அழுத்தினால் சீல் மடிந்து வெளியே வந்துவிடும். கைக் கன் சின்னதாகத் தெரிந்தாலும் அதன் அழுத்தம் ஆயிரக்கணக்கான பி.எஸ்.ஐ. வரும். மெதுவாக, நிறுத்தி நிறுத்தி அடிக்க வேண்டும்.

இன்னொன்று. அடியில் படுப்பதற்குமுன் நான்கு சக்கரத்துக்கும் கல் கொடுங்கள். பழைய சிஜே3பி மாதிரி ஜீப்புகளில் ஹேண்ட்பிரேக் டிரம் சக்கரத்தில் இருக்காது, டிரான்ஸ்ஃபர் கேஸின் (முன், பின் ஷாஃப்டுக்குச் சுற்றைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) பின்புறம், ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் இருக்கும். அந்த வண்டியில் பின் ஷாஃப்டைக் கழற்றிய நிமிஷமே ஹேண்ட்பிரேக்குக்கும் பின் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துவிடும். லிவர் மேலே இழுத்தபடியே இருக்கும், வண்டி உருண்டு உங்கள்மேல் வரும். ஷாஃப்டைக் கழற்றும்போது இதை மறக்கவே கூடாது.

காக்கா_கீழக்கரை (புதன், காலை 6.50)

பட்டறை அண்ணன் சொன்னதில் மாற்றம் இல்லை. கிரீஸைப் பற்றி நான் சொல்கிறேன். படகு எஞ்சின் சாமான் கடையில் இருபது வருஷம் உட்கார்ந்திருக்கிறேன்.

நம் பக்கம் எல்லாக் கடையிலும் கிடைப்பது ஏ.பி.3. லித்தியம் கிரீஸ், வீல் பேரிங்குக்கு நன்றாக இருக்கும். அந்த 3 என்பது கெட்டித் தன்மையின் எண். கிராஸ் கைக்குள் இருக்கும் மெல்லிய துளையில் 3 போவது சிரமம், 2 எளிதாகப் போகும். அதனால் இ.பி.2 என்று கேட்டு வாங்குங்கள். இ.பி. என்றால் அழுத்தம் தாங்கும் சரக்கு சேர்த்தது, ஊசி பேரிங்குக்கு அது வேண்டும்.

உப்புத் தண்ணீர் என்று வரும்போது இன்னும் ஒரு படி மேலே போகலாம். கால்சியம் சல்ஃபோனேட் கிரீஸ் என்று ஒன்று உண்டு. படகு, துறைமுகக் கிரேன் இதற்கெல்லாம் போடுவது. தண்ணீர் பட்டாலும் எளிதில் கழுவிக்கொண்டு போகாது, துருவையும் அதுவே தடுக்கும். விலை கூடுதல்தான், ஆனால் நான்கு கிராஸுக்கும் இரண்டு ஸ்லிப்புக்கும் (ஷாஃப்ட் நீளவும் சுருங்கவும் விடும் மூட்டு) சேர்த்து நீங்கள் மாதத்துக்கு எவ்வளவு செலவழிக்கப் போகிறீர்கள்? கைக் கன்னில் ஒரு அடிக்கு ஏறக்குறைய 1 கிராம்தான் வரும். ஒரு கிலோ டப்பா வெகுநாள் வரும்.

பழைய ஆட்கள் 'சேசிஸ் கிரீஸ்' என்பது சாதாரணக் கால்சியம் கிரீஸ். தண்ணீரை நன்றாகத் தாங்கும், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 100 டிகிரியை நெருங்கும்போதே இளகி ஓடிவிடும். மணலில் மெதுவாக ஓட்டுகிற வண்டிக்குப் பரவாயில்லை. அதே வண்டியை மதுரைக்கு வேகமாக ஓட்டிப்போனால் எனக்கு மனசு ஒப்பாது.

ஒரு கிரீஸிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் பழையது முழுக்க வெளியே வந்து புது நிறம் தெரியும்வரை அடியுங்கள். பெண்டோன் என்கிற களிமண் கிரீஸையும் லித்தியத்தையும் மட்டும் கலக்கவே வேண்டாம், இரண்டும் சேர்ந்தால் தண்ணீராய் இளகிவிடும்.

உப்பளம்_வாலிநோக்கம் (புதன், காலை 8.15)

எங்கள் வண்டி உப்பளத்தில் ஓடுகிறது. கடல் தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்றால், பாத்தியில் நிற்கும் தண்ணீரில் அதைப்போலப் பல மடங்கு. வாரம் ஒருமுறை அடிக்கிறோம், வரப்பு உடைந்து வண்டி தண்ணீரில் இறங்கினால் அன்றைக்கே அடிக்கிறோம். கிலோமீட்டர் பார்ப்பதே கிடையாது. மீட்டர் ஓடுவதே இல்லை.

சாலைவாசி_ராமநாதபுரம் (புதன், காலை 11.05)

சீல் போட்ட கிராஸ் பற்றி யாரும் பேசவில்லையே. நான் படித்தது இயந்திரப் பொறியியல். நிப்பிள் இல்லாத கிராஸில் கைகளுக்குள் துளை கிடையாது, முழு இரும்பு. அதனால் அது பலமானது, மணலில் சிக்கி ஏறும்போது முறியும் வாய்ப்பு குறைவு. சீலிலும் இரண்டு மூன்று உதடு இருக்கும். புது வண்டிகள் பலவற்றில் இதுதான் வருகிறது. கிரீஸ் அடிக்கத் தெரியாதவர் தப்பாக அடித்து சீலைக் கெடுப்பதைவிட, தொடாமல் விடுவது நல்லது என்பது என் கருத்து. என் வண்டியில் ஆறு வருஷமாகப் பிரச்சினை இல்லை.

மண்டபம்_பட்டறை (புதன், மதியம் 1.30)

சார், உங்கள் வண்டி கடலில் இறங்குகிறதா?

சாலைவாசி_ராமநாதபுரம் (புதன், மதியம் 1.42)

இல்லை. மதுரை ரோடும், மாதம் ஒருமுறை ராமேஸ்வரமும்தான். மழைத் தண்ணீர் பார்த்திருக்கும்.

மண்டபம்_பட்டறை (புதன், மதியம் 2.20)

அப்படியானால் நீங்கள் சொல்வது உங்கள் வண்டிக்குச் சரி. பலத்தைப் பற்றிச் சொன்னதும் சரி. நான் மாறுபடுவது ஒரே இடத்தில்தான். எவ்வளவு நல்ல சீலாக இருந்தாலும் தினமும் கடல் தண்ணீரில் முங்கி, மணலோடு சுற்றினால் அதன் உதடு தேயும். தேய்ந்தபின் ஒரு சொட்டு உள்ளே போகும். நிப்பிள் இருந்தால் அந்தச் சொட்டை அன்று சாயங்காலமே தள்ளி வெளியேற்றலாம். நிப்பிள் இல்லாவிட்டால் அது உள்ளேயே இருந்து தின்னும், சத்தம் வரும்போதுதான் நமக்குத் தெரியும்.

இந்தக் கடற்கரையில் கிரீஸ் செய்யும் வேலையில் உராய்வைக் குறைப்பது இரண்டாவதுதான். முதல் வேலை, தண்ணீர் உட்கார வேண்டிய இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொண்டு அதை வெளியே தள்ளுவது. அதனால் கிரீஸ் அடிக்கும் கணக்கு தண்ணீரோடு போக வேண்டும், கிலோமீட்டரோடு அல்ல. காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் துரு ஏறுவதைச் சோதிக்க மண்டபத்தைத் தேர்ந்தெடுத்தது சும்மா இல்லை. 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தை நாம் எல்லோரும் பார்த்து வளர்ந்தவர்கள். 2022 டிசம்பரில் அதன்மேல் ரயில் போக்குவரத்து நிற்கும்வரை துருவோடுதான் போராட்டம்.

கிரீஸ் கன்னைத் தொடவே போவதில்லை என்கிறவர் சீல் போட்டதை வாங்கட்டும். தொடுகிறவர் நிப்பிள் உள்ளதை வாங்கட்டும். ஏர்வாடித் தம்பிக்கு நிப்பிள் உள்ளதுதான்.

சாலைவாசி_ராமநாதபுரம் (புதன், மாலை 5.10)

ஒப்புக்கொள்கிறேன். தினமும் முங்கும் வண்டியை நான் கணக்கில் எடுக்கவில்லை.

முகுந்தராயர்சத்திரம் (புதன், இரவு 8.30)

2017இல் அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு திறப்பதற்குமுன் தனுஷ்கோடிக்கு ஆள் ஏற்றிப் போன வண்டிகளில் ஒன்று என்னுடையது. ரோடு கிடையாது, தடம்தான். பாதி மணல், பாதி தண்ணீர். நான் அப்போது செய்ததைச் சொல்கிறேன், இப்போது யாருக்காவது உதவும்.

கடைசி சவாரி முடிந்து வந்ததும், வண்டி சூடு ஆறுவதற்குள் கிரீஸ் அடித்துவிடுவேன். சூட்டில் பழைய கிரீஸ் இளகியிருக்கும், தண்ணீரோடு சேர்ந்து சுலபமாக வெளியே வரும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் ராத்திரி முழுக்க உப்பு உள்ளே வேலை செய்யும். வெளியே வரும் கிரீஸின் நிறத்தைப் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும். மோர் மாதிரி வெளுத்து வந்தால் தண்ணீர் போயிருக்கிறது, நிறம் மாறும்வரை அடி. காப்பிப் பொடி நிறத்தில் வந்தால் துரு தொடங்கிவிட்டது, புது கிராஸுக்குப் பணம் எடுத்து வை. கையில் மினுமினுவென்று இரும்புத் தூள் ஒட்டினால் அடுத்த நாள் வண்டி எடுக்காதே.

நிப்பிளைத் துடைக்காமல் கன்னை வைக்கக் கூடாது. அந்தத் துளியூண்டு மணல் கிரீஸோடு உள்ளே போனால் ஊசியையும் கையையும் அரைத்துவிடும். நான் எப்போதும் ஒரு பழைய பனியன் துணி டேஷ்போர்டில் வைத்திருப்பேன், வேறு எதற்கும் அதைத் தொட மாட்டேன். அடித்து முடித்ததும் நிப்பிள் வாயில் ஒரு சின்ன உருண்டை கிரீஸை அப்படியே மூடி மாதிரி விட்டுவிடுவேன். மணல் அதில் ஒட்டும், அடுத்த நாள் அந்த உருண்டையோடு துடைத்து எடுத்துவிடலாம்.

சூடாக ஓடிவந்த வண்டியை நேராகத் தண்ணீரில் இறக்காதீர்கள். பத்து நிமிஷம் நிறுத்தி இறக்குங்கள். சூடான ஹவுசிங் திடீரென்று குளிர்ந்தால் உள்ளே காற்று சுருங்கும், சுருங்கும்போது சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும். ஹவுசிங் ப்ரீத்தர் (காற்று போய்வரும் துளை) அடைத்திருந்தால் இன்னும் மோசம். கிராஸை மட்டும் பார்த்துவிட்டு ஹவுசிங் ஆயிலை மறந்தவர்கள் உள்ளே இருக்கும் கிரௌன் பல்சக்கரத்தை மாற்றியதைப் பார்த்திருக்கிறேன்.

தொண்டி_4வீல் (புதன், இரவு 9.55)

கிரீஸோடு வண்டி கழுவுவதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் போர் தண்ணீரே உப்பு. கடலில் இறங்கி வந்த வண்டியைப் போர் தண்ணீரில் கழுவினால் ஒரு உப்பை எடுத்துவிட்டு இன்னொரு உப்பைப் பூசுவதுதான். குடிதண்ணீர் இரண்டு குடம் போதும், ஷாஃப்டுக்கும் கிராஸுக்கும் மட்டும் ஊற்றி பிரஷ் போட்டுத் தேய்க்கலாம். வாட்டர் சர்வீஸில் பிரஷர் கன்னை நேராக கிராஸ் சீலில் காட்ட விடாதீர்கள். கடல் தண்ணீர் தானாக உள்ளே போகாத இடத்துக்கும் அந்த பிரஷர் தண்ணீரைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். கழுவிவிட்டு அப்புறம் கிரீஸ், எப்போதும் இந்த வரிசைதான்.

முகுந்தராயர்சத்திரம் (புதன், இரவு 10.10)

தொண்டித் தம்பி சொல்வது சரி. எங்களுக்கு தனுஷ்கோடி மணலில் கையால் தோண்டினாலே நல்ல தண்ணீர் ஊறும், கடல் பக்கத்திலேயே. அதில்தான் வண்டியின் அடியைக் கழுவினோம்.

கருவாடு_தேவிபட்டினம் (வியாழன், காலை 7.20)

எல்லோரும் கிராஸைப் பற்றியே பேசுகிறீர்கள். ஷாஃப்ட் நடுவில் இருக்கும் ஸ்லிப் ஜாயிண்டில் நான் செய்த தவறை எழுதுகிறேன், வேறு யாருக்கும் நடக்க வேண்டாம்.

கருவாடு ஏற்றும் ஜீப் எங்களுடையது. வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருப்பதால் வண்டியை நான்தான் பார்க்கிறேன். விசைப்படகு தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், அந்த நாளில் வண்டிக்கு ஓட்டம் குறைவு. நிற்கும் வண்டிக்குத் துரு சீக்கிரம் ஏறும் என்பதால் தடைக்காலம் தொடங்கும்போது எல்லா நிப்பிளிலும் நிறைய அடித்து வைப்பேன். போன வருஷம் ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரம் தொங்கும்போது ஸ்லிப் நிப்பிளில் கிரீஸ் வெளியே வரும்வரை அடித்தேன். வரவே இல்லை, நானும் விடாமல் அடித்தேன். வண்டியை இறக்கி ஓட்டி முதல் பள்ளத்தில் விட்டதும் ஒரு சத்தம். ஸ்லிப்பின் முனையில் இருந்த தகட்டு மூடி கழன்று விழுந்து, கிரீஸ் முழுக்க வண்டியின் அடியில் தெறித்திருந்தது. டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயில் சீலும் அன்றிலிருந்து கசிந்து, மாற்ற வேண்டியதாயிற்று.

பிறகுதான் காரணம் புரிந்தது. சக்கரம் தொங்கும்போது ஷாஃப்ட் நீண்டிருக்கிறது. அப்போது உள்ளே காலியாக இருக்கும் இடத்தையெல்லாம் கிரீஸால் அடைத்துவிட்டால், வண்டி இறங்கும்போது ஷாஃப்ட் உள்ளே போக இடம் இல்லை. கிரீஸ் அமுங்காது. அந்த விசை மூடியையும் பேரிங்கையும் போய் முட்டுகிறது. கிராஸில் அடிக்கிற மாதிரி ஸ்லிப்பில் அடிக்கவே கூடாது.

முன் ஹப்பைப் பற்றியும் ஒன்று. எங்கள் வண்டியில் லாக்கிங் ஹப் (முன் சக்கரத்தை அச்சோடு பூட்டவும் விடுவிக்கவும் உதவுவது) இருக்கிறது. அதைத் திறந்தே வைத்தால் முன் ஷாஃப்ட் மாதக்கணக்கில் சுற்றாமல் ஒரே நிலையில் நிற்கும். கிரீஸ் எல்லாம் கீழே வடிந்து மேல் பக்கம் காய்ந்துவிடும். வாரம் ஒருமுறை ஹப்பை லாக் செய்து ஒரு கிலோமீட்டராவது ஓட்டிவிடுங்கள்.

மண்டபம்_பட்டறை (வியாழன், காலை 10.40)

அக்கா, நீங்கள் எழுதியது எல்லோரும் படிக்க வேண்டியது. பட்டறைகளிலேயே பலர் செய்யும் தவறு இது.

ஸ்லிப்புக்கு வண்டி நான்கு சக்கரத்திலும் நிற்க வேண்டும், ஜாக்கியில் அல்ல. மூடித் தகட்டில் ஊசி அளவுக்கு ஒரு காற்றுத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். முதலில் அந்தத் துளை வழியாகக் கொஞ்சம் கிரீஸ் வரும்வரை அடியுங்கள். வந்ததும் துளையை விரலால் மூடிக்கொண்டு இன்னும் மெதுவாக அடித்தால், ஸ்ப்லைன் (ஒன்றுக்குள் ஒன்று வழுக்கும் நீளப் பற்கள்) வழியாக வந்து மறுமுனை சீலில் எட்டிப் பார்க்கும். அதோடு நிறுத்த வேண்டும். துளையே இல்லாத வண்டியில் இரண்டு மூன்று அடிக்குமேல் வேண்டாம். ஸ்ப்லைன் பற்களுக்கு மாலி (மாலிப்டினம் டைசல்ஃபைடு) கலந்த கிரீஸ் நல்லது, பற்கள் சுமையோடு முன்னும் பின்னும் வழுக்கும்போது ஒட்டிப் பிடிக்காது.

ஏர்வாடித் தம்பி ஷாஃப்டைக் கழற்றியிருப்பதால் இதையும் சொல்கிறேன். ஸ்லிப்பை இரண்டாகப் பிரிப்பதற்குமுன் இரண்டு பாதியிலும் ஒரே கோட்டில் பெயிண்ட் அடையாளம் வையுங்கள். சில ஷாஃப்டில் கம்பெனியே அம்புக்குறி போட்டிருக்கும். ஒரு பல் மாறிப் பூட்டினாலும் வண்டி அதிரும், புது கிராஸ் சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவீர்கள்.

சாலைவாசி_ராமநாதபுரம் (வியாழன், மதியம் 12.15)

அதன் காரணத்தை நான் சேர்க்கிறேன். கிராஸ் கோணத்தில் சுற்றும்போது ஒரு பக்கம் சீராகச் சுற்றினாலும் மறுபக்கம் சீராகச் சுற்றாது. ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முறை வேகம் கூடும், இரண்டு முறை குறையும். 30 டிகிரி கோணம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் நிமிஷத்துக்கு 1,000 சுற்று என்றால் மறுபக்கம் அந்தந்தக் கணத்தில் 866க்கும் 1,155க்கும் இடையே ஏறி இறங்கும். ஷாஃப்டின் இரண்டு முனையிலும் கிராஸைப் பிடித்திருக்கும் கவைகள் ஒரே கோட்டில் இருந்தால், முதல் கிராஸ் செய்யும் ஏற்ற இறக்கத்தை இரண்டாவது கிராஸ் சரிக்கட்டிவிடும். ஸ்ப்லைன் மாறிப்போனால் சரிக்கட்டுவதற்குப் பதிலாக இரண்டும் சேர்ந்துகொள்ளும். 17ஆம் நூற்றாண்டிலேயே ராபர்ட் ஹூக் ஆராய்ந்த விஷயம் இது. அதனால்தான் பாடப்புத்தகத்தில் இதற்கு ஹூக் ஜாயிண்ட் என்று பெயர்.

பழசுபோதும்_சாயல்குடி (வியாழன், இரவு 7.45)

இவ்வளவு செலவு எதற்கு? எஞ்சின் மாற்றும்போது வரும் பழைய ஆயிலை பிரஷில் தொட்டு ஷாஃப்ட், ஸ்பிரிங், சேசிஸ் எல்லாவற்றிலும் மாதம் ஒருமுறை பூசினால் துரு வராது. எங்கள் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான்.

முகுந்தராயர்சத்திரம் (வியாழன், இரவு 8.20)

தம்பி, சேசிஸ் இரும்பில் அது கொஞ்ச நாள் துருவைத் தடுக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கிராஸிலும் ஸ்லிப்பிலும் பூசினால் ஈர ஆயிலில் மணல் அப்பிக்கொள்ளும், சுற்றும்போது அந்த மணலே சீல் உதட்டை அரைக்கும். பழைய ஆயில் ரப்பருக்கும் நல்லதில்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் நம் பக்கம் மணல் எப்படிப் பறக்கும் என்று உங்களுக்குத் தெரியாததா?

அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. பூசியது எல்லாம் சொட்டிச் சொட்டி மணலுக்கும் தண்ணீருக்கும்தான் போகிறது. 1986இலிருந்து நம் எதிரே இருக்கும் 21 தீவும் கடல்சார் தேசியப் பூங்கா. வருஷ ஆரம்பத்து மாதங்களில் தனுஷ்கோடிக் கரையில் பங்குனி ஆமை வந்து முட்டையிடுகிறது, வனத்துறையினர் ராத்திரியில் தேடித்தேடி முட்டைகளை எடுத்துப் பாதுகாக்கிறார்கள். அந்த மணலில்தான் நாமும் பிழைக்கிறோம். கிரீஸ் அடிக்கும்போது கீழே ஒரு சாக்கை விரித்து, வழிந்ததைத் துணியில் துடைத்து, டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோங்கள். ஐந்து நிமிஷ வேலை. முட்டை இருக்கும் மாதங்களில் அலைக்கு மேலே இருக்கும் காய்ந்த மணலில் வண்டியை ஏற்றாமல் ஒரே தடத்தில் போய் வாருங்கள்.

பழசுபோதும்_சாயல்குடி (வியாழன், இரவு 9.05)

சொட்டுவதை நான் யோசிக்கவில்லை அண்ணே. ஷாஃப்டில் பூசுவதை நிறுத்துகிறேன். சேசிஸுக்கு என்ன பூசலாம் என்று தனியாகக் கேட்கிறேன்.

ஐஸ்பெட்டி_ஏர்வாடி (மூன்று வாரம் கழித்து, ஞாயிறு மாலை 6.15)

எல்லோருக்கும் நன்றி. செய்ததை எழுதுகிறேன்.

பட்டறை அண்ணன் சொன்னபடி பழைய கிராஸில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தேன். மூன்று கையில் ஓடியது. நான்காவதில் ஒரு சொட்டுகூட இல்லை. கம்பியால் குத்தியபோது கல் மாதிரி இறுகிப்போன கிரீஸ் உதிர்ந்தது, எத்தனை வருஷத்துப் பழசோ.

பின் ஷாஃப்டில் இரண்டு கிராஸும் புதிது போட்டேன், நிப்பிள் உள்ளதுதான். முதல் கப்பைப் பூட்டும்போது சர்க்கிளிப் (கப்பை வெளியே வராமல் பிடிக்கும் வளையம்) காடியில் உட்காரவே இல்லை. சுத்தியலை எடுக்கப் போனேன். நல்லவேளையாகக் கழற்றிப் பார்த்தேன். ஒரு ஊசி சாய்ந்து கப்பின் அடியில் படுத்திருந்தது. அடித்திருந்தால் கப் போயிருக்கும். கப்புக்குள் கிரீஸை நன்றாக அப்பி ஊசிகளை அதில் ஒட்டவைத்துவிட்டுப் பூட்டினேன், சரியாக உட்கார்ந்தது. நிப்பிள் இரண்டும் ஒரே பக்கம் பார்க்கும்படி வைத்தேன், ஒரே நிறுத்தத்தில் இரண்டுக்கும் அடிக்க முடிகிறது.

காக்கா சொன்ன கால்சியம் சல்ஃபோனேட் கிரீஸ் வாங்கினேன். தினமும் சாயங்காலம் இரண்டு குடம் நல்ல தண்ணீர், பிரஷ், துணி, அப்புறம் கிரீஸ். நான்கு கிராஸுக்கும் இருபது நிமிஷம் ஆகிறது. முதல் வாரம் வெளியே வந்தது லேசாக வெளுத்திருந்தது, இப்போது போட்ட நிறத்திலேயே வருகிறது. அதனால் அலையில் இறங்கிய நாளில் மட்டும் அன்றே அடிப்பது, இறங்காவிட்டால் வாரம் ஒருமுறை என்று மாற்றிக்கொண்டேன். எந்த நாள் இறங்கினேன் என்று ஐஸ் கணக்கு நோட்டிலேயே ஒரு புள்ளி வைத்துவிடுகிறேன். 'டொக்' போய்விட்டது, கீச் சத்தமும் இல்லை.

ஒன்று மட்டும் இன்னும் பாக்கி. முன் ஷாஃப்டில் டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கத்து கிராஸில் நான்கில் இரண்டு சீலில்தான் கிரீஸ் வருகிறது. லிவர் கொடுத்துத் தள்ளியதில் மூன்றாவதும் வந்தது. நான்காவது அசையவில்லை. நிப்பிள் வாயிலேயே பாதி கிரீஸ் திரும்பி வழிகிறது. கிராஸை மாற்றிவிடவா?

மண்டபம்_பட்டறை (ஞாயிறு, இரவு 8.50)

உடனே மாற்ற வேண்டாம் தம்பி. வாயிலேயே வழிகிறது என்றால் நிப்பிள் குண்டு மணலில் சிக்கியிருக்கும், உங்கள் அழுத்தம் பாதி உள்ளே போகவே இல்லை. முதலில் புது நிப்பிள் போட்டு அடித்துப் பாருங்கள், சில்லறைக் காசு சாமான். அதன்பிறகும் நான்காவது கை வரவில்லையென்றால் அந்த ஒரு கப்பை மட்டும் கழற்றிப் பார்ப்போம். கை வழுவழுப்பாக இருந்தால் துளையைச் சுத்தம் செய்து மறுபடி பூட்டலாம், நகம் மாட்டுகிற அளவுக்கு வரி விழுந்திருந்தால் மாற்றிவிடலாம். அதுவரை ஃபோர் வீல் போட்டு இழுக்காதீர்கள். அந்த அளவு நிப்பிள் என்னிடம் இருக்கிறது, மண்டபம் பக்கம் வந்தால் பழைய நிப்பிளையும் கையோடு கொண்டுவாருங்கள், மரை பார்த்துத் தருகிறேன்.